மூன்றாவது ஷிஃப்ட் எந்த நாளுடையது

அந்தச் சனிக்கிழமை நான் தட்டச்சிட்ட வரி இன்னும் இணையத்தில் இருக்கிறது. "வாரம் வாரம் வாரம்." அவ்வளவுதான். பக்கத்தில் என் பெயர், தேதி, பிற்பகல் 2:41 என்று நேரம். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பலர் சேர்ந்து பொதுவில் எழுதும் மென்பொருளில், செய்கிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிக் குறிப்பு எழுதியாக வேண்டும். எழுதியதைப் பிறகு யாரும் அழிப்பதில்லை. ஏழு வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் நான் எழுதிவந்த குறிப்பு, "அடுத்த வார ஷிஃப்ட் பட்டியல் ஏற்றப்பட்டது" என்பது. மேலிருந்து கீழ்வரை அந்த ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும். நடுவில் ஓரிடத்தில் இது.

எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மருத்துவர் கேட்டபோது, மூன்று மணி இருக்கும் என்று என் மகள் சொன்னாள். அவள் பார்த்தது மூன்று மணிக்கு. அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த வரியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நாங்கள் இருப்பது ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வடக்குப்பட்டு போகிற வழியில், ஒரு மனைப்பிரிவில். தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒருவர் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பார். என் கணவர் ஓர் உதிரிபாக ஆலையில் எந்திரம் ஓட்டுகிறார். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. நான் வேறோர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கிறேன். கணினி அறிவியல் படித்தவள். படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குள் ஒரு குறை எப்போதும் உண்டு.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "அப்பாவுக்கு இன்னிக்கு என்ன ஷிஃப்ட்?" அவளுக்கு அப்பா முழித்திருக்கும் நேரம் தெரிய வேண்டும். ஒரு தாளில் கட்டம் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். மூன்று நான்கு வருடம் கழித்து அதையே கைப்பேசியில் பார்க்கும்படி ஒரு சின்ன நிரலாக எழுதினேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் கணவரின் ஆலையையும் சேர்க்கச் சொன்னாள். அப்புறம் அடுத்த தெரு. ஆலைகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வாராந்திரப் பட்டியலை யாராவது படம் பிடித்து அனுப்புவார்கள், நான் ஏற்றுவேன். ஷிஃப்ட், ஆலைப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும், வார விடுமுறை எந்த நாள், எல்லாம் அதில் தெரியும். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒரு கட்டத்தில் ஆறு பேர் இருந்தோம். ஒருவர் வெளிநாடு போனார், இருவருக்குக் குழந்தை பிறந்தது, ஒருவர் சொல்லாமலே நின்றுகொண்டார். கடைசியில் மிஞ்சியது நானும் ஓசூரில் இருக்கும் ஒரு நண்பரும். அவர் நிரலைப் பார்த்துக்கொள்வார், நான் பட்டியல்களை. அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

எனக்குப் பதில் யார் வேண்டுமானாலும் பட்டியலை ஏற்றலாம் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. மூன்றாவது ஷிஃப்ட் என்று ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான ஆலைகளில் அது இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும். சிலவற்றில் பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டரை என்றால் தேதி மாறிவிட்டது. ஆகவே அந்த ஆலைகள் ஒட்டும் பட்டியலில் "திங்கள், மூன்றாவது ஷிஃப்ட்" என்று இருக்கும். ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றேகாலுக்குப் பேருந்து ஏற வேண்டும். இங்கே வேலை செய்கிற யாரும் அதைத் திங்கட்கிழமை என்று சொல்லமாட்டார்கள். ஞாயித்துக்கிழமை நைட்டு என்பார்கள். அதனால் அந்த ஆலைகளுக்கு மட்டும் நான் ஒரு நாள் பின்னால் தள்ளி, ஞாயிறு என்றே ஏற்றுவேன். எந்த ஆலைக்குத் தள்ள வேண்டும், எதற்குத் தள்ளக் கூடாது என்பது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. என் தலையில் இருந்தது. இதை நான் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாரம் முழுக்கத் திருத்தங்கள் வரும். திடீர் விடுமுறை, ஈடுகட்டும் வேலைநாள், பேருந்துத் தடம் மாற்றம். காலை நான்கு மணிக்கு எழுந்து அதைப் பார்ப்பேன், ஐந்தரைக்குச் சமையல், ஏழரைக்குப் பேருந்து. எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது மூன்று வருடமாகத் தெரியும். மாத்திரை தீர்ந்தால் வாங்க நான்கைந்து நாள் ஆகும். பட்டியல் ஒரு நாளும் தாமதமானதில்லை.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை. வந்து சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். கணவருக்கு மாலை ஷிஃப்ட், கிளம்பிவிட்டார். மகள் எதிரே உட்கார்ந்து கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கலந்தாய்வில் அவளுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். வீட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே தங்காதவள். நான் அவளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே பட்டியல் ஏற்றினேன். எதிலும் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. இதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. வலி இல்லை, மயக்கம் இல்லை. சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

பிறகு மவுசைப் பிடித்திருந்த கை மேசையிலிருந்து நழுவித் தொடையில் விழுந்தது. எடுத்து மேலே வைத்தேன். மறுபடி விழுந்தது. யாருடைய கையோ மாதிரி இருந்தது.

"என்னம்மா பண்ற?" என்றாள் மகள்.

கை மரத்துப்போச்சு என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். அவள் முகம் மாறியது.

"அம்மா, விளையாடாத. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். நான் என்ன சொன்னேன் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், "விடும்மா" என்று எழுந்து போய்விடுவாள்.

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சென்னைச் சாலையில் ஒரு மருத்துவமனை. பின்னிருக்கையில் மகள் என் வலது கையைத் தன் மடியில் வைத்துப் பிசைந்துகொண்டே வந்தாள். வழியில் வலப்பக்கம் ஏரிக்கரை தெரிந்தது. அந்த ஏரியின் பெயர் எனக்கு வரவில்லை. எத்தனையோ தடவை பார்த்த ஏரி. பெருவெள்ளம் வந்த வருடம் அதைத் திறந்துவிட்டபோது ஊரே அதன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தண்ணீர் தெரிகிறது, கரை தெரிகிறது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலியில் உட்காரவைக்கும்போது, செம்பரம்பாக்கம் என்று தானாக வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னேன். மகள் அழ ஆரம்பித்தாள். கையும் அசைந்தது. கால் மணி, அரை மணிக்குள் எல்லாம் திரும்பிவிட்டது.

"திரும்பினது உங்க அதிர்ஷ்டம். இது பக்கவாதத்தோட எச்சரிக்கை. அடுத்தது வந்தா சொல்லிட்டு வராது, இப்படித் திரும்பியும் போகாது" என்றார் மருத்துவர். எத்தனை மணி நேரம் தூங்குகிறேன் என்று கேட்டார். நான் ஆறு என்றேன். மகள், "நாலு" என்றாள். எதற்காக அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிறேன் என்று கேட்டார். அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். மகள் ஒரே வரியில் முடித்தாள்: "யாருக்கோ பஸ் டைம் போடறதுக்கு, டாக்டர்."

மூன்று நாள் இருந்தேன். கைப்பேசியை மகள் வாங்கி வைத்துக்கொண்டாள். கணவர் ஷிஃப்ட் முடித்து நேராக வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினார். விழித்தால் என் வாயைப் பார்ப்பார், கோணியிருக்கிறதா என்று. "இன்னா பாக்கற?" என்றால், "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீது" என்பார்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்ததும் கைப்பேசி கிடைத்தது. ஆப்பைப் பயன்படுத்துகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். திங்கள் காலையிலிருந்து செய்திகள் குவிந்திருந்தன. ஒரு மின்னணுப் பொருள் ஆலைக்கு மூன்றாவது ஷிஃப்டை நான் ஒரு நாள் பின்னால் தள்ளுவதற்குப் பதில் முன்னால் தள்ளியிருக்கிறேன். அந்த வாரம் இரவு வேலை இருந்த பெண்களுக்கு, ஞாயிறு ராத்திரி ஏற வேண்டிய பேருந்து, செவ்வாய் ராத்திரி என்று காட்டியிருக்கிறது. அவர்கள் ஞாயிறு ராத்திரி நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள்.

"ஆப் போட்டவங்க தூங்கிட்டாங்க போல."

"ஃப்ரீயா குடுக்கறாங்கன்னா இப்படித்தான்பா. யாரப் போய்க் கேக்க முடியும்?"

"அட்மின் எங்க? மூணு நாளா ஆளே காணோம். லீவ் லெட்டராவது குடுத்தாங்களா?"

அதற்குப் பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். இவர்களில் யாருக்கும் நான் யார் என்று தெரியாது. தெரியவைக்கவும் எனக்கு அன்று தைரியம் இல்லை. மாற்றங்களின் பதிவுக்குப் போய்ப் பார்த்தேன். அப்போதுதான் "வாரம் வாரம் வாரம்" என்ற அந்த வரியைக் கண்டேன்.

மறுநாள் ஓசூர் நண்பர் அழைத்தார். வருத்தப்பட்டார், விசாரித்தார். பிறகு சொன்னார்: "மேடம், உங்களைத் தொந்தரவு பண்றேன்னு நினைக்காதீங்க. எந்த ஆலைக்கு எப்படித் தள்ளணும்னு எனக்குப் பிடிபடலே. ஒரு ரெண்டு மாசம் மட்டும் பாத்துக்கோங்க. அதுக்குள்ள ஆள் தேடிடலாம்."

சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்குச் செய்த தவறைச் சரிசெய்ய வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் தலை இன்னும் வேலை செய்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பட்டியலைச் சரியாக ஏற்றினால், நான் பழையபடி இருக்கிறேன் என்று அர்த்தம்.

வீட்டில் முடியாது. மடிக்கணினியை மகள் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். வேலைக்குத் திரும்பியதும், மதிய உணவு நேரத்தில் கோப்பறையில் போய் நின்றுகொண்டு கைப்பேசியிலேயே ஏற்றினேன். அடுக்குகளுக்கு நடுவே, சின்னத் திரையில், ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்தேன். கை நடுங்கியது. நடுக்கம் பயத்தினாலா, வருகிற ஒன்றின் அறிகுறியா என்று தெரியாது. சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து தெரு நாய்க்குக் கொட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைவேன். மூன்று வாரம் இப்படிப் போனது.

மறைக்க முடியும் என்று நான் நினைத்ததுதான் என் முட்டாள்தனம். ஏழு வருடமாக நான் வேலை செய்தது எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வரி வரியாக அங்கேயே நிற்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினேன். மகள் கூடத்தில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தாள். நிமிராமலே வாசித்தாள்.

"செவ்வாய் 1:12. புதன் 1:07. இன்னிக்கு 1:20, 1:24, 1:31. மத்தியானம் சாப்ட்டியாம்மா?"

நான் பையிலிருந்து காலி டப்பாவை எடுத்து வைத்தேன்.

"டப்பால என்ன இருந்துச்சு? நான்தான் கட்டினேன். சொல்லு, என்ன பொரியல்?"

"கண்ணு, ரெண்டு மாசந்தான்..."

"என்ன பொரியல்?"

எனக்குத் தெரியவில்லை. திறந்தே பார்க்கவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். சான்றிதழ் கோப்பைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "அடுத்த புதன்கிழமை காலேஜ்ல சேரணும். நான் போகல. இங்கயே பக்கத்துல எதுலயாவது சேர்ந்துக்கறேன், இல்ல ஒரு வருஷம் சும்மா இருக்கேன். உன்னை இங்க விட்டுட்டு அங்க போய், தினம் மத்தியானம் ஒண்ணேகாலுக்கு இதைத் தொறந்து பாத்துகிட்டு உக்காந்திருக்க என்னால முடியாது. ஒரு நாள் அதுல எதுவும் வரலைன்னா நான் என்னன்னு நினைக்கறது?"

கணவர் அந்த வாரம் காலை ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தார். சண்டையில் அவர் எப்போதும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை.

"நீ போட்டாத்தான் எனக்கு ஷிஃப்ட் தெரியுமா? கலியாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் நானே பாத்துக்கினு போகல?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீயும் ஒயுங்கா இரு. சீட்டு கெடச்சும் போகாத இருக்கறது இன்னா பேச்சு?"

"அதை அம்மாகிட்ட கேளுப்பா."

அவர் என்னைக் கேட்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

புதன்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை எதுவும் முடிவு செய்யவில்லை. விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும். பேருந்தைத் தவறவிட்ட அந்த எட்டுப் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். எட்டுப் பேர் என்று எனக்குத் தெரியும். அந்த ஆலைப் பட்டியலை வாரா வாரம் படம் பிடித்து அனுப்பும் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. திருநெல்வேலிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தோழிகளோடு தங்கியிருப்பவள். குரலாகவும் படமாகவும் மட்டும் எனக்குப் பழக்கம். என் உடம்பு விஷயத்தை அவளிடம் ஓசூர் நண்பர் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் முகவரி விசாரித்துக்கொண்டு, ஒரு பை சாத்துக்குடியோடு வாசலில் வந்து நின்றாள். என் மகளைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள்.

"எப்படிக்கா இருக்கிய? நான் பெரிய ஆபீசர் மாதிரி இருப்பியன்னுல்லா நெனச்சேன். எங்க சித்தி மாதிரி இருக்கிய."

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஆப்சென்ட் போட்டாவ. எட்டு பேரையும் கூப்ட்டு லெட்டர்ல கையெழுத்து வாங்கினாவ. சூப்பர்வைசர் கேக்காரு, 'எட்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சலா?'ன்னு. ஒருத்தி சிரிச்சிட்டா. அதுக்கு வேற திட்டு." அவளும் சிரித்தாள். பிறகு நிறுத்தினாள். "ஒருத்தி மட்டும் ஊருக்குப் போயிட்டா."

"இதனாலயா?"

"சேச்சே. அவளுக்கு வீட்லயும் ஆயிரம் பிரச்சினை. இதுக்காக மட்டும்னு சொல்ல முடியாதுக்கா."

இதுக்காக மட்டும் இல்லை. அந்த வார்த்தையை நான் இன்னும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் கவனமாக ஏற்றுகிறேன், இரண்டு மாதத்துக்குத் தவறு வராது என்று என்னவோ சொல்லிக்கொண்டே போனேன். அறைக் கதவுக்குப் பின்னால் மகள் நிற்பது தெரிந்தது. அந்தப் பெண் என்னைச் சங்கடமாகப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க கஷ்டப்படாதீய. நாங்க இப்ப அதப் பாக்கதே இல்ல."

"எதை?"

"ஆப்பத்தான். அன்னிக்குப் பட்டதுக்கப்புறம் பேப்பர்ல எழுதிக் கதவுல ஒட்டிக்கிடுதோம். ஞாயித்துக்கிழம நைட்டுன்னு பெருசா எழுதி அடியில ரெண்டு கோடு. நோட்டீஸ் போர்ட யாரு மொதல்ல பாக்காளோ அவ எழுதணும். எழுதாதவ அன்னிக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்." கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். அறைக் கதவு. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். எங்கள் குளிர்பதனப் பெட்டியில் நான் முதலில் ஒட்டியது போலவே கட்டங்கள்.

"நீங்க சங்கடப்படுவியன்னுதான் போட்டோ மட்டும் அனுப்பிகிட்டு கிடந்தேன்" என்றாள்.

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். மூன்று வாரம் கோப்பறையில் நின்று, சோற்றை நாய்க்குக் கொட்டி, மகளிடம் பொய் சொல்லி நான் சரிபார்த்த அந்தப் பட்டியலை அந்த அறையில் யாரும் திறக்கவே இல்லை.

அவளைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மகளிடம் சொன்னேன்: "லேப்டாப்பை எடு."

"எதுக்கு?"

"விலகறதுன்னாலும் அதுல எழுதித்தான் விலகணும். சும்மா விட்டா பழைய பட்டியல் அப்படியே நிக்கும். யாராவது அதைப் பாத்து ஏமாறுவாங்க. எல்லாத்தையும் எடுத்துடணும்."

அவள் யோசித்தாள். பீரோவைத் திறந்தாள். மேசையில் வைத்து, சமையலறையிலிருந்து கடிகாரத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். "இருபது நிமிஷம்" என்றாள். ஓசூர் நண்பருக்கு ஒரு வரி அனுப்பினேன். "புரியுது மேடம். எனக்கும் தனியா முடியாது. எடுத்துடுங்க" என்று பதில் வந்தது. அவ்வளவு சுலபமாக வந்தது.

ஒவ்வோர் ஆலையாக நீக்கினேன். கடைசியாகக் கணவரின் ஆலை. முதன்முதலில் எழுதியது அதுதான். பிறகு பயனர்களுக்கான அறிவிப்பை எழுதினேன். "உடல்நிலை காரணமாக இந்தப் பணியிலிருந்து தற்காலிகமாக விலகுகிறேன்." மகள் தோளுக்கு மேல் குனிந்து வாசித்தாள். விரலால் திரையில் அந்த ஒரு சொல்லைத் தொட்டாள். நான் "தற்காலிகமாக" என்பதை எழுத்தெழுத்தாக அழித்தேன்.

"இனி ஷிஃப்ட் நேரங்களை உங்கள் ஆலை அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளவும். அந்த வாரம் நான் செய்த தவறால் வேலைக்குப் போக முடியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." மாற்றத்துக்கான ஒரு வரிக் குறிப்பில், "பட்டியல்கள் நீக்கப்பட்டன" என்று தட்டினேன். அனுப்பும் முன் மகளிடம், "எழுத்தெல்லாம் சரியா இருக்கா பாரு" என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று அன்றும் நினைத்தவள்தானே.

"சரியா இருக்கும்மா."

பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஏழு வருடத்துக்கு இருபது நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் குழுவில் சில கும்பிடுகள் வந்தன. "ஐயோ, இது ஒருத்தங்க பண்றதா? கம்பெனியே குடுக்கற ஆப்னுல்ல நெனச்சுகினு இருந்தோம்" என்று ஒருவர். அவருக்குக் கீழே இன்னொருவர்: "அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு எங்களுக்கு செகண்டா, தேர்டா? யாராவது சொல்லுங்கப்பா." யாரோ சொன்னார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் குழுவிலிருந்து வெளியே வந்தேன்.

மகள் செவ்வாய்க்கிழமை கிளம்பினாள். கணவர் விடுப்பு எடுத்துக் கூடப் போனார். நெடுந்தூரப் பயணம் வேண்டாம் என்று என்னை விட்டுவிட்டார்கள். வாசலில் நின்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவள் கேட்டது, மாத்திரை எத்தனை மணிக்கு என்றுதான். நான் சொன்னேன். சரியாகச் சொன்னதில் எங்கள் இருவருக்கும் ஒரு நிம்மதி. அவளை விடுதிக்கு அனுப்புகிற அம்மா கேட்க வேண்டிய எதையும் நான் கேட்கவில்லை என்பது ஆட்டோ திரும்பிய பிறகுதான் தோன்றியது.

மூன்று மாதம் ஆகிறது. காலை ஆறரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். நான்கு மணிக்கு விழிப்பு வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன். வலது கையை மெதுவாக மூடித் திறந்து பார்ப்பேன். தெரிந்த ஊர்ப் பெயர்களை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்கிறார் மருத்துவர். எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

ஏழு மணிக்கு மகள் விடுதியிலிருந்து அழைப்பாள். சாப்பாடு, வகுப்பு, அறைத்தோழி என்று ஏதேதோ பேசுவாள். நடுவில், ரொம்ப இயல்பாகக் கேட்பது போல ஒரு கேள்வி வரும்.

"அப்பாவுக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்ட்?"

சின்ன வயதில் கேட்ட அதே கேள்வி. இப்போது அவளுக்கு அந்தப் பதில் தேவையில்லை. என் வாயிலிருந்து வார்த்தைகள் ஒழுங்காக வருகின்றனவா, நாளும் கிழமையும் எனக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கிறாள். அவள் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

போன திங்கட்கிழமை கேட்டபோது எனக்கு வரவில்லை. மாலையா, இரவா? அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார், அது மட்டும் தெரிகிறது. வயதானால் எல்லோருக்கும் வருகிற மறதியாக இருக்கலாம். ஏழு வருடம் ஊருக்கே சொன்னவளுக்கு, இப்போது பார்க்காததால் மறந்திருக்கலாம். கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து சமையலறைக்குப் போனேன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் இருக்கிறது. நான் விலகிய வாரத்திலிருந்து கணவர் தன் கோணல் கையெழுத்தில் எழுதி ஒட்டுகிறார். எதற்கு என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"நைட்டு" என்றேன். "சனிக்கிழமை வரைக்கும் நைட்டு."

குளிர்பதனப் பெட்டியின் உறுமல் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பாத்துச் சொல்றியாம்மா? தெரிஞ்சு சொல்றியா?"

"தெரிஞ்சுதான்" என்றேன்.

"சரிம்மா. எனக்கு க்ளாசுக்கு நேரமாச்சு" என்றாள். ஆனால் உடனே வைக்கவில்லை.